கிளித்துணி ஒட்டிய வில்

சோபா பட்டறையில் அவளை எல்லோரும் ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை இழுத்து அடிக்கும்போது சின்ன ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். ஒவ்வொன்றாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டவைத்து, டக்கென்று அடிப்பாள். அத்தனை ஆணி வாயில் இருந்தாலும் பேச்சு நிற்காது. "ஆணிய துப்பிட்டுப் பேசினாத்தான் இன்னும் குத்தும்" என்று முதலாளி சொல்வார். சொல்லிவிட்டுத் தள்ளியே நிற்பார்.

அப்படிப்பட்டவள் ஒரு வருடம் பட்டறைப் பக்கமே போகாமல் வீட்டில் உட்கார வேண்டிவந்தது. வலது மார்பில் ஒரு கட்டி. எடுத்தார்கள். அக்குள் வரை வெட்டித் தைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் வலது கை தோளுக்கு மேலே ஏற மறுத்தது. உள்ளே யாரோ கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டதுபோல இருந்தது.

கையைவிட அவளைப் படுத்தியது புருஷன்தான். சரக்கு வேன் ஓட்டுபவர். வாய் ஓயாத மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த நாள்முதல் ரோட்டில் பார்த்த லாரி, மழை, பக்கத்து வீட்டுப் பூனை என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாளியைத் தொட்டால் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். அவள் உடை மாற்றும்போது ஏதோ மறந்துபோன மாதிரி எழுந்து வெளியே போய்விடுவார். கூச்சமா, அருவருப்பா, பயமா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

கைப்பயிற்சிக்கு வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். சுவரில் விரலை வைத்து எறும்பு ஊர்வதுபோல மேலே ஏற்ற வேண்டும். அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு மைதானம். அங்கே சில பெண்கள் வில் பழகுவார்கள். விரல் சுவரில் ஏறும், கண் மட்டும் வெளியே போய்விடும்.

"அந்தப் பொண்ணு முழங்கைய பின்னால கொண்டுபோறா பாருங்க. அதைத்தானே நீங்க என்னைச் செய்யச் சொல்றீங்க?" என்று ஒருநாள் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"கிட்டத்தட்ட அதுதான். ஆனா அந்த வில்லு ரொம்ப விறைப்பு. உங்களால இப்ப இழுக்க முடியாது."

"லேசான வில்லா இருந்தா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "ரொம்ப லேசா இருந்து, வலிக்கிற இடத்துல நிறுத்திக்கிட்டா இழுக்கலாம். எதுக்கும் எங்கிட்ட ஒருதடவ காட்டிட்டு ஆரம்பிங்க."

வீட்டுக்கு வந்ததும், "நான் ஒரு வில்லு செய்யப்போறேங்க" என்றாள்.

"யாரைக் கொல்றதுக்கு?"

"மொதல்ல உங்களத்தான். ஒரு வாளி தண்ணி தூக்க விடமாட்டேங்கிறீங்களே."

அவர் சிரித்தார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி தோளில் ஒரு பலகையோடு வந்து நின்றான். மரக்கடையில் அறுவை மெஷினில் வேலை செய்பவன். அக்கா கேட்டால் கடையையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

வரைந்து கொடுத்தது அவள், செதுக்கியது அவன். நடுவில் பிடிக்கிற இடம் தடிமனாக, இரண்டு பக்கமும் போகப்போக மெலிந்து, நுனியில் நாண் மாட்ட ஒரு வெட்டு. முன்னறையில் இருந்ததையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, சுவரில் ஒரு கட்டை அடித்து அதில் வில்லைப் படுக்கவாட்டில் மாட்டினார்கள். நாணில் கட்டிய கயிறு தரையோரம் இருந்த ஒரு கப்பி வழியாக அறையின் மறுகோடிக்கு வந்தது. அங்கே நின்று கயிற்றை இழுத்தால், எதிரே வில் வளைவது முழுசாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வளைய வேண்டும். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கிறதோ அந்தப் பக்கம் உட்புறத்தில் கொஞ்சம் அரத்தால் தேய்க்க வேண்டும். மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும்.

தம்பி அவசரக்காரன். "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு இழுப்பு இழுத்தான். பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். வில் இரண்டாகி ஒரு துண்டு கூரையைத் தொட்டுவிட்டு விழுந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்த புருஷனின் கையில் டீ டம்ளர் இல்லை. அது வழியிலேயே எங்கோ உருண்டுகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? எங்க பட்டுச்சு?" அவளைத் தொடப்போன கை பாதியில் நின்றது.

"எங்கயும் படல."

"போதும். இந்த வீட்ல இனிமே வில்லும் வேணாம், அம்பும் வேணாம். மச்சான், இதையெல்லாம் அள்ளிட்டுக் கெளம்பு!"

"உடைஞ்சது கட்டைங்க. நான் இல்ல" என்றாள் அவள்.

அவர் துடைப்பத்தை எடுத்துச் சிதறிய மரத்தூளைக் கூட்ட ஆரம்பித்தார். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார்.

தம்பி போகிற நேரத்தில் உடைந்த துண்டைத் திருப்பிக் காட்டினான். "பாருக்கா, முதுகுப்பக்கம், அதான் வெளிப்பக்கம், நாரு மாதிரி ஒரு சிம்பு கெளம்பியிருக்கு. அங்கேருந்துதான் கிழிஞ்சிருக்கு. முதுகுல துணி ஒட்டுனா சிம்பு எழும்பாதுன்னு கடையில ஒருத்தர் சொன்னாரு."

"அடப்பாவி, அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? துணின்னா அது என் வேலைடா!"

இதெல்லாம் புருஷன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இரண்டு நாள் உம்மென்று இருந்தார். மூன்றாம் நாள் வேனிலிருந்து ஒரு பலகையை இறக்கினார். மரத்தின் ரேகை நுனிமுதல் அடிவரை கோடு போட்டதுபோல நேராக ஓடியது. கூடவே ஒரு பொட்டலம். உள்ளே சிவப்பு வெல்வெட்.

"உங்க பட்டறையில கேட்டு வாங்கினேன். இருக்கிறதுலேயே ஒசத்தி இதுதானாம்."

அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்துக் காட்டினாள். ரப்பர் மாதிரி நீண்டது.

"இது வேலைக்கு ஆகாதுங்க. வில்லு வளையிறப்ப முதுகுப்பக்கம் இழுபடும். அங்க நீளாத துணிதான் வேணும். கெட்டி நெசவு. இதுல பசையும் உள்ள எறங்காது."

அவர் முகம் சின்னதாகிவிட்டது. பலகை தேடி மரக்கடை மரக்கடையாக அலைந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. வெல்வெட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அவளுக்கு வேண்டிய துணி எது என்று அவளுக்கு முன்பே தெரியும். பட்டறை மூலையில் ஒரு சுருள் கிடந்தது. மஞ்சள் பருத்தியில் வரிசையாகப் பச்சைக் கிளிகள். யாரோ ஆசையாக வரவழைத்து, சோபாவில் அடித்துப் பார்த்ததும் "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்று வேண்டாமென்று போய்விட்டார்கள். பல வருடமாக அதை யாரும் சீண்டவில்லை. நெசவோ தகரம் மாதிரி. முதலாளி, "அதையா? மொத்தத்தையும் எடுத்துட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

இந்தத் தடவை இழைப்புளியைப் பிடித்தது புருஷன். வண்டி ஓட்டிப் பழகிய கை; நிதானம் இருந்தது. துணி ஒட்டுகிற வேலைக்கு மட்டும் அவள் யாரையும் விடவில்லை. நூல் வாட்டம் நீளவாக்கில் வரும்படி வெட்டினாள். முதுகை உப்புத்தாளால் சுரசுரப்பாக்கி, பசை தடவி, துணியை நடுவிலிருந்து நுனிக்கு இடது கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். ஒரு காற்றுக்குமிழி தங்கவில்லை. வலது கை கூடமாட வந்தது. தன்னையறியாமல் அது எவ்வளவு தூரம் எட்டியது என்பதை முடித்த பிறகுதான் கவனித்தாள்.

நடுவிலிருந்து இரண்டு நுனிக்கும் தனித்தனியாக இழுத்துப் பிடிக்க வசதியாக இரண்டு துண்டாக ஒட்டி, நடுவில் பிடியில் ரெக்சின் சுற்றினாள். காய்ந்த பிறகு புருஷன் வில்லை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, மேல இருக்கிற கிளியெல்லாம் ஒழுங்கா இருக்கு. கீழ இருக்கிறதெல்லாம் தலைகீழா தொங்குதே!"

"அது வௌவால்னு வெச்சுக்கங்க."

பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அப்புறம் வளைத்துப் பார்க்கும் வேலை. அவர் கயிற்றை மெல்ல இழுப்பார். பக்கத்தில் நின்று அவள் கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். "நிறுத்துங்க. இடது பக்கம் நுனிகிட்ட வளையவே மாட்டேங்குது." பென்சிலால் குறி வைப்பாள். அவர் தேய்ப்பார். துணிப்பக்கம் தொடவே கூடாது, உட்புறம் மட்டும். அவள் கை எதுவரை பின்னால் வருமோ, அதுவரை இழுத்தால் போதும் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். மைதானத்துப் பெண்களுக்கு நாண் தாடைவரை வரும். இவளுக்கு அது பாதி வழியில் நிற்கும். அந்தப் பாதி வழியிலேயே அம்பு போகிற அளவுக்கு வில்லில் வலு இருந்தால் சரி. டாக்டரம்மாவும் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் பட்டறையின் பின்பக்கம் பழைய சோபாப் பஞ்சு மூட்டைகளை அடுக்கினார்கள். முதல் அம்பு காலடியில் விழுந்தது. இரண்டாவது மூட்டையைத் தாண்டிப் போனது. அடுத்தது தொப்பென்று பஞ்சுக்குள் இறங்கியது. அவள் வில்லைத் தாழ்த்தி, வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்றார் அவர்.

இத்தனை மாதத்தில் முதல்முறையாக நேராகக் கேட்கிறார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குது. இப்ப மட்டுமில்ல, தினமும் வலிக்குது. நீங்க கேக்கவே இல்ல."

அவர் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். "கேட்டா நீ 'ஆமா'ன்னு சொல்லிடுவியோன்னுதான்" என்றார். "அன்னிக்கு ஆபரேஷன் ரூம் வாசல்ல ஒரு பையில உன் வளையல், செருப்பு எல்லாம் போட்டு எங்கையில குடுத்தாங்க. அதைப் புடிச்சிக்கிட்டு நின்னேன் பாரு… அதுலேருந்து உன்னைப் பாத்தாலே எனக்கு பயம். தொட்டா எங்கயாவது வலிச்சிடுமோன்னு."

"நான் வேற நெனச்சேன்."

"என்னன்னு?"

"பாக்கப் பிடிக்கலையோன்னு."

அவர் அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கனமான பொருளை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கை முழுசாக மேலே ஏறவேயில்லை. காதுவரை வரும், அதற்குமேல் வராது. ஆணியக்கா பட்டறைக்குத் திரும்பினாள். சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். விடுமுறை நாட்களில் இருவரும் பின்பக்கம் அம்பு விடப் போவார்கள். அவருக்குக் குறி சுத்தமாக வராது. அம்பைத் தேடி எடுத்துவருகிற வேலையை அவராகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.