பின்பலகைக்கு உள்ளே

நம்புங்கள் என்று யார் காலிலும் விழப் போவதில்லை. ஆனால் நடந்தது. நான் ரஹீம், ஊட்டி பஜாரில் படகு என்ஜின் மெக்கானிக். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாருடா" என்று விரட்டுகிற ஆள். போன கார்த்திகை, ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. ராத்திரிகூட இல்லை.

எமரால்டு பக்கம் ஒரு எஸ்டேட். மழையில் ரோடு சரிந்துவிட்டது. ஏரிக்கு அக்கரையில் கொழுந்து பறிக்கப் பத்துப் பெண்கள் பழைய ஃபைபர் படகில்தான் போயாக வேண்டும். சுற்றி நடந்தால் ஆறு கிலோமீட்டர், காட்டெருமை வழி. பழைய எட்டு ஹெச்.பி.க்குப் பதில் இருபது ஹெச்.பி. என்ஜின் மாட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டவர், வேலாமணி என்கிற பெண் சூப்பர்வைசர்.

கரையோர ஷெட்டில் படகு கிடந்தது. என்ஜினைத் தாங்குகிற பின்பலகைக்கு மட்டும் புதுப் பெயிண்ட். சுத்தியல் பிடியால் தட்டினேன். நல்ல பலகை 'டங்' என்னும். இது 'தொப்... தொப்...' என்றது. மேலே ஃபைபர் பளபளப்பு, உள்ளே பிளைவுட் ஊறி இற்றுப் போயிருந்தது.

"பலகையவே மாத்தணும்மா. பத்து நாள் ஆகும்."

"ஏனுங்க பாய், திங்கக்கெழம ஆளுக போயாகோணுங்க. எப்படியாச்சும் பண்ணிக் குடுங்க. நானுந்தான் அதுல போறேன்."

அடுத்து நான் செய்தது தப்பு. உள்ளேயும் வெளியேயும் இரும்புத் தகடு வைத்து போல்ட்டை இறுக்கினால் ஒரு சீசன் ஓடும். ஓடாவிட்டால் அவர்கள் தலையெழுத்து. அப்படித்தான் நினைத்தேன். அந்தக் குளிரில் கை மட்டுமில்லை, மனசும் மரத்துப் போயிருந்தது. வேலாமணி டீ வாங்கப் போனார்.

4:05. பனி ஷெட்டுக்குள் வந்துவிட்டது. முதல் நட்டை முறுக்கி, ஸ்பேனரைக் கீழே வைத்தேன். 'கிர்ர்...' நட் தானாகக் கழன்று விழுந்தது.

ச்சை, மரை தேய்ந்திருக்கும். வேறு நட் போட்டேன்.

4:09. அதுவும் கழன்றது.

4:12. போல்ட்டை உருவினேன். ஓட்டையிலிருந்து தண்ணீர். படகு கரையேறி இருபது நாள் ஆகிறதாம். தண்ணீர் நிற்கவே இல்லை...

எவ்வளவு தூரம் இற்றிருக்கிறது என்று பார்க்கச் சுண்டுவிரலை உள்ளே விட்டேன்.

தொட்டது பலகை இல்லை.

மெதுவாக... விரலைப் பிடித்தது.

எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாருமில்லை.

நான் கத்தவில்லை. பயம்கூட வரவில்லை. யாருடைய விரலோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டக்.

உள்ளேயிருந்து.

டக்... டக்...

விரலை விட்டது.

வேலாமணி டீயோடு வந்தபோது 4:40. அதற்குள் பலகையைக் கட்டரால் வெட்டித் திறந்திருந்தேன். உள்ளே மரமே இல்லை. கறுப்பாகக் கூழ், கையால் அள்ளலாம்.

"இதுல ஒருத்தரும் ஏறக் கூடாது," என்றேன்.

"காட்டெருமை குத்துச்சுன்னா நீங்க வந்து தூக்குவீங்களா?" கேட்டுவிட்டு அழுதார். நான் டீயை வாங்கிக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பிளைவுட் வாங்க மரக்கடைக்குப் போனேன். எந்தப் படகுக்கு என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் அளவு நாடாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கா? போன மாசம் மேட்டுப்பாளையத்து மெக்கானிக் ஒருத்தரு தகடு போட்டுக் குடுத்தாருங்களே. ட்ரையல் ஓட்டறப்போ போல்ட் பிச்சுக்கிட்டு என்ஜின் தண்ணிக்குள்ள போயிருச்சு. புடிக்கப் போன அவரும் போயிட்டாரு. மூணு நாள் தேடுனாங்க. இன்னும் கெடைக்கலீங்க."

வேலாமணிக்குப் போன் போட்டேன். எடுத்தார். மூச்சிரைத்தது. பின்னால் பெண்களின் பேச்சுக் குரல். நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா, பாய்?"

வந்திருக்க மாட்டேன். போனை வைத்துவிட்டேன்.