இல்லாங்காட்டி சங்கரா

மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கும் மால்டா என்னும் சிறிய நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றரைப் பக்கம்தான். அந்த ஒன்றரைப் பக்கமும் ஒரு தவறினால் என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் நிற்கும் குடிநீர்க் குழாய்க்கும் அந்தத் தவறுக்கும் தொடர்பு உண்டு. அதை ஒருநாள் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். சாலைக்குக் கிழக்கே மூன்று தெருக்கள்: மீனவர்கள் வாழும் பெரிய தெரு, மசூதித் தெரு, மாதா கோயில் தெரு. சாலைக்கு மேற்கே எங்கள் காலனி. பெற்றோர் காலத்தில் பிறர் நிலத்தில் நடவும் அறுப்புமாக வாழ்ந்த நாங்கள், என் காலத்தில் கட்டட வேலை, ஓட்டல் வேலை, ஓரிரு அரசுப் பணி என்று பிரிந்திருந்தோம். காலனியில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறை ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தது. குலுக்கலில் விழும் நாட்டின் நிலம், மக்கள், ஆட்சி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் பெரிய அட்டையில் எழுதி வைக்க வேண்டும். குலுக்கல் அன்று எனக்குப் பேருந்து கிடைக்கவில்லை. என் பெயருக்குத் தோழி ஒருத்தி சீட்டு எடுத்து, மாலையில் எங்கள் நிறுத்தத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். சாலையில் மணல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் சொன்னது "மால்டாத் தீவு." என் காதில் விழுந்தது "மாலத்தீவு."

பூத்காரர்கூட அதைக் கேட்டு மகிழ்ந்தார். "மாலத்தீவா? நமக்குப் பக்கத்து வூடு மாதிரிம்மா அது. காத்து மாறினா நம்ம போட்டே ஒதுங்கும்."

பவளத் திட்டுகளையும் சூரை மீனையும் இரண்டு வாரம் வரைந்தேன். கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு அட்டையைப் பார்த்த ஆசிரியை, "நன்றாக வந்திருக்கிறது. ஆனால் உனக்கு விழுந்தது மால்டா. பரவாயில்லை, இதையே வை" என்றார். வைத்திருக்கலாம், யாருக்கும் நட்டமில்லை. ஆனால், எங்கள் காலனிப் பிள்ளைகள் பெயரைக்கூடச் சரியாகக் கேட்க மாட்டார்கள் என்று வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்தால், அது எனக்குப் பின் வருகிறவர்கள் மேலும் விழும். அந்த எண்ணத்தோடு நூலகத்துக்குப் போனேன். பழைய கலைக்களஞ்சியம் ஒன்றில் மால்டாவுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

அதன் பெரிய தீவின் நீளத்தை எங்கள் சாலையில் வைத்து அளந்து பார்த்தேன். மாமல்லபுரத்தில் பேருந்து ஏறினால், முட்டுக்காட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில் அந்தத் தீவே முடிந்துவிடும். பக்கத்தில் கோசோ என்று இன்னொரு தீவு. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஆளே இல்லாத கொமினோ. ஆறு என்று ஒன்று கிடையாது. படகுகளின் முகப்பில் இரண்டு கண்களை வரைகிறார்கள். மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஆனால் அவர்கள் மொழி அரபியிலிருந்து கிளைத்தது என்பதால் கடவுளை "அல்லா" என்றே அழைக்கிறார்கள். நமக்குப் பின் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்று, பிறகு குடியரசானது. கட்டாயம் ஏதும் இல்லாமலே, வாக்குரிமை உள்ளவர்களில் ஏறத்தாழ எல்லாரும் வாக்களிக்கிறார்கள்.

கடைசிப் பத்தியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அங்கே ஒரு தொகுதிக்கு ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களின் பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையில் எண் எழுதுகிறார். முதல் எண் பெற்றவர் தோற்று விலகினால், அந்தச் சீட்டு வீணாகாமல் இரண்டாம் எண்ணுக்குப் போகிறது. எனவே சிறிய கூட்டத்தாரும், தங்கள் அளவுக்கு ஏற்ப, உள்ளே ஓர் இடம் பெறலாம். நம் நாட்டிலும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் எண்தான் எழுதுகிறார்கள் என்றார் ஆசிரியை. என் அட்டைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அந்தப் பத்தி மட்டும் என்னோடு வந்துவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் சாலை அகலமானது. கார்கள் பறந்தன, விடுதிகள் பெருகின, கிணறுகள் உப்புக் கரித்தன. பொதுக் குழாய்கள் இரண்டும் பெரிய தெருவில் இருந்தன. என் அக்கா, விடுதி ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவியவள், காலையில் வேலைக்குப் போகுமுன் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடங்களோடு அந்தச் சாலையை நான்கு முறை கடப்பாள். ஒருநாள் ஒரு கார் உரசியதில் இடுப்புக் குடம் தெறித்துச் சக்கரத்தில் நசுங்கியது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "கொடம் போச்சு, நான் கீறேன், போதும்" என்றாள். அன்று முதல், அவள் திரும்பி வரும்வரை நான் சாலை ஓரத்தில் நின்றேன்.

அந்த ஆண்டே, ஊருக்குப் புதிதாக ஒரு குழாய்ப் பாதை வருவதாக அறிவிப்பு வந்தது. எங்கெங்கே குழாய் வைப்பது என்பதை ஊரார் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு முடிவு செய்யும். வந்த அலுவலர் தெளிவாகச் சொன்னார்: "எப்படித் தேர்ந்தெடுத்தாலும் சரி. காலனியையும் சேர்த்து நான்கு தெருவும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்."

அதுவரை குழு என்றால், மீன் ஏலம் விடும் கொட்டகையில் கையைத் தூக்குவதுதான் வழக்கம். பெரிய தெருவில் ஆள் அதிகம்; ஐந்து இடமும் அங்கேயே போகும். இம்முறை அக்கா நிற்பது என்று காலனி முடிவு செய்தது. கையைத் தூக்கும் முறையில் அவள் வெல்ல வழியே இல்லை. எனவே கூட்டத்தில் எழுந்து, எண் எழுதும் முறையையும், குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் அப்படி எழுதுவதையும் சொன்னேன்.

பெரிய தெருவின் தலைவர் மூன்று படகுகளுக்குச் சொந்தக்காரர். அவர் சிரித்தார். "இன்னாம்மா, டிகிரி வாங்கினு வந்து எங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுக்கிறியா?"

"எம்.எல்.ஏ. எழுதறாராம், நீ எழுதக் கூடாதா அண்ணாத்த?" என்றாள் அக்கா. "நம்பரு இன்னா, உன் வலைய அறுத்துடுமா?"

"எந்த ஊர்ல இந்தப் பழக்கம் கீது?"

"மால்டாவில்" என்றேன்.

"மாலத்தீவா?" என்று கொட்டகையே கேட்டது. அந்தத் தவறை உங்களுக்கு முன்பே நான் செய்துவிட்டேன் என்று சொல்லி, அந்த நாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் "அல்லா" என்று வேண்டுவதைச் சொன்னபோது, மசூதித் தெருவின் டீக்கடைக்காரர் பக்கத்தில் இருந்த மாதா கோயில் தெருக்காரரின் தோளைத் தட்டினார். "மச்சான், நீயும் நானும் அங்க போனா ஒரே கூப்பாடு. டீ மட்டும் என் கடையில."

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்களுக்கு எத்தினி பேரு வருவாங்க? அத்த சொல்லு."

மழுப்பியிருக்கலாம். ஆனால் பிறகு ஏமாற்றிவிட்டதாக அவர் நினைத்தால், கையெழுத்தும் வராது, குழாயும் வராது. "இரண்டு பேர் நிச்சயம். மூன்றாவது ஆள் வரலாம். ஐந்து பேர் வர மாட்டார்கள்" என்றேன். அலுவலரின் கையெழுத்து நிபந்தனை அவர் மனத்தில் ஓடியிருக்க வேண்டும். "சரி, நடத்து. புரியற மாதிரி சொல்லு" என்றார்.

புரியும்படி சொல்லத்தான் என்னால் முடியவில்லை. விருப்ப வரிசை, வாக்கு மாற்றம் என்று நான் விளக்க விளக்க, முகங்கள் வெறுமையாயின. அக்கா என்னை உட்காரச் சொன்னாள்.

"இத்த பாரு. நீ மீனு வாங்கப் போற. இன்னா கேப்ப? வஞ்சிரம் கீதா? இல்லாங்காட்டி சங்கரா குடு. அதுவும் இல்லாங்காட்டி மத்தி. அவ்ளோதான். மொதல்ல கேக்கறது ஒண்ணு. இல்லாங்காட்டி ரெண்டு. அதுவும் இல்லாங்காட்டி மூணு."

கொட்டகை முழுதும் தலைகள் அசைந்தன. நான் தேடித் தேடிக் கிடைக்காத விளக்கம், அவள் நாள்தோறும் பேசும் ஒரு சொல்லில் இருந்தது.

"அப்போ நான் வஞ்சிரமா, மத்தியா?" என்று கேட்டார் தலைவர்.

"வஞ்சிரம்தான் அண்ணாத்த. வெல ஜாஸ்தி, முள்ளும் கம்மி" என்றாள். அவருடைய ஆட்களே சிரித்தார்கள்.

எட்டுப் பேர் நின்றார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பெயருக்குப் பதில் படங்கள், அக்காவுக்குக் குடம். எழுத்துத் தெரியாதவர்களும் பேருந்து எண்ணைத் தூரத்திலேயே படித்துவிடுவார்கள் என்பதால், எண்ணைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. கோவளத்தில் சீட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து வந்து, வாக்களிப்புக்கு முந்தின வாரம் காலனியில் ஒத்திகை பார்த்தேன். பிரித்தபோது திகைத்தேன். பெரும்பாலான சீட்டுகளில் எட்டுப் படங்களுக்கும் எதிரே எட்டு ஒன்றுகள்.

"ரெண்டு போட்டா அவுங்க கோச்சிக்க மாட்டாங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "மூஞ்சிக்கு நேரா ஒர்த்தர ரெண்டாவதுன்னு எப்டி சொல்றது?"

பகைத்துக்கொள்ளாமல் வாழப் பழகியவர்களின் மரியாதை அது. அதே மரியாதைதான் எங்கள் சீட்டுகள் அத்தனையையும் செல்லாமல் ஆக்கப் போகிறது. வேலை முடிந்து வந்த அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஏன், சங்கரா இன்னா கெட்ட மீனா? ரெண்டாவதா வாங்கினா கொழம்பு கசக்குதா?" எல்லா வாசலிலும் இதே கேள்வி.

வாக்களிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏலக் கொட்டகையில், தார்ப்பாய்க்குப் பின்னால் நடந்தது. பிற்பகலில் அலுவலரே எண்ணினார். செல்லும் சீட்டு முந்நூறு. காலனியின் சீட்டுகளில் ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை. வெல்ல ஐம்பத்தொன்று வேண்டும்; அதை ஐந்து பேருக்கு மேல் எட்ட முடியாது. தலைவரும் டீக்கடைக்காரரும் முதல் சுற்றிலேயே வென்றார்கள். தேவைக்கு மேல் அவர்களிடம் மிகுந்திருந்த ஓரிரு வாக்கை அடுத்த எண்ணுக்குப் பகிர்ந்தும் எதுவும் மாறவில்லை. அக்காவுக்கு நாற்பத்து நான்கு. காலனியில் இருந்ததே அவ்வளவுதான். இன்னும் ஏழு வேண்டும். அந்த ஏழும் சாலைக்குக் கிழக்கே இருந்துதான் வர வேண்டும்.

எல்லாரிலும் குறைவாக வாங்கியவர் பெரிய தெருவைச் சேர்ந்த ஒருவர். முறைப்படி அவர் விலக, அவருடைய பத்தொன்பது சீட்டுகளின் இரண்டாம் எண்ணை அலுவலர் ஒவ்வொன்றாகப் படித்தார். "படகு. குடம். குடம். விளக்கு. குடம்." பதினொரு சீட்டுகளில் இரண்டு என்ற எண் குடத்துக்கு எதிரே இருந்தது. அக்கா வென்றுவிட்டாள்.

"இன்னாடா இது!" என்று எழுந்தார் தலைவர். "நம்ம தெரு ஓட்டு ரோட்டத் தாண்டிப் போவுது! அந்தப் பதினொண்ண இப்டிக் குடு. எவ எழுதின நம்பருன்னு பாத்துடலாம்."

கொட்டகையின் ஓரத்தில் நின்ற பெரிய தெருப் பெண்கள் மணலைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழாயடி வரிசையில் ஒவ்வொரு காலையும் அக்காவின் முன்னும் பின்னும் நின்றவர்கள் அவர்கள். நசுங்கிய குடத்தின் ஓசையைக் கேட்டவர்கள். வீட்டில் சொன்னபடி முதல் எண்ணை எழுதிவிட்டு, இரண்டாம் எண்ணைத் தாங்களாக எழுதியிருக்கிறார்கள். அந்த எண் வெளியே தெரிந்தால் அன்று இரவு சில வீடுகளில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. இம்முறையைக் கொண்டுவந்தவள் நான். அதன் விளைவுக்கும் நானே பொறுப்பு. மால்டாவின் ஒன்றரைப் பக்கத்தில் இதற்கு விடை இல்லை.

"முடிவை எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்றென்றால், சீட்டுகளை எல்லார் முன்னிலையிலும் எரித்துவிடலாம் ஐயா" என்று அலுவலரிடம் சொன்னேன். அவர் தலைவரைப் பார்த்தார். ஊரே தலைவரைப் பார்த்தது.

அவர் ஒருமுறை பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே அவர் மனைவியும் நின்றிருந்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எரிச்சிடு. என் வூட்டுச் சீட்டும் அதுல கீது போல."

டீக்கடை அடுப்பில் முந்நூறு சீட்டுகளும் எரிந்தன. அந்த அடுப்பில் போட்ட டீயைத்தான் நான்கு தெருக்காரர்களும் குடித்தார்கள்.

குழுவின் முதல் கூட்டத்தில், சாலைக்கு மேற்கே ஒரு குழாய் என்று தீர்மானம் ஆனது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அக்கா அதன் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள். அவளுடைய கையெழுத்தை அரசுத் தாளில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என் பட்டச் சான்றிதழைப் பார்த்தபோதுகூட அவ்வளவு பெருமை எனக்கு வந்ததில்லை.

தண்ணீர் வந்த காலையில் சாலை ஓரத்தில் நிற்க வேண்டிய வேலை எனக்கு இல்லை. அக்கா முதல் குடத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, அந்த மால்டாவுல ஆறே இல்லன்னியே. அவுங்க தண்ணிக்கு இன்னா பண்றாங்க?"

"பாதிக்கு மேல் கடல் நீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டுக் குடிக்கிறார்களாம்."

குடத்தை இடுப்பில் ஏற்றியவள் கிழக்கே, சாலைக்கு அப்பால் தெரிந்த நீலத்தைப் பார்த்தாள். "கடல் நம்மகிட்டயும்தான் கீது. அத்த எப்டின்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. அடுத்த மீட்டிங்குல கேக்கறேன்."

வீட்டுக்குள் போய்ப் பேனாவைத் தேடினேன்.