அக்காவின் சூடு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அக்காவின் கோபத்தை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எப்படி எழுதுவது?

முதலியார்பேட்டையில் மில் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தவர் அவர். அப்பா போனதும் பெரிய மார்க்கெட்டில் பூக்கடை போட்டு என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. ஆனால் பூ விற்பவருக்கு இருக்கக் கூடாத குறை ஒன்று அவருக்கு இருந்தது. அவர் கை பட்ட மல்லிகை மதியத்துக்குள் வாடிவிடும். "உன் கையில சோறே வேகும்டி" என்று பக்கத்துக் கடை மங்கையம்மா கேலி செய்வார்.

காலையில் வாய்க்கசப்பு, புளித்த ஏப்பம், உள்ளங்கால் எரிச்சல், சின்ன வயதிலேயே நரை. ஆயுர்வேத வைத்தியர் பார்த்தவுடன் பித்தம் மிஞ்சிவிட்டது என்றார். கருவாட்டுக் குழம்பையும் ஊறுகாயையும் நிறுத்தச் சொன்னார். வேளைக்குச் சாப்பாடு, மல்லித் தண்ணீர், நெல்லிக்காய், வெண்பூசணி, கொஞ்சம் நெய். டீயிலேயே பொழுதை ஓட்டிய அக்கா முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். எரிச்சல் அடங்கியது. பூவும் சாயங்காலம் வரை நின்றது.

கோபத்தையும் குறைக்கச் சொன்னார் வைத்தியர். அது மட்டும் நடக்கவில்லை. தம்பி எங்களிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு காலாப்பட்டில் குடியேறியபோது, "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்றார் அக்கா. அவனும் மிதிக்கவில்லை. அந்த வாரமே பூ மறுபடி வாடத் தொடங்கியது.

போன ஆடியில் ஒரு முற்பகல், கடையில் உட்கார்ந்தபடியே அக்கா போய்விட்டார். தம்பி சுடுகாட்டுக்கு வந்தான், வீட்டுக்கு வரவில்லை.

வீட்டில் அக்கா படத்துக்குக் காலையில் போட்ட சரம் மதியத்துக்குள் பழுத்துக் கருகியது. விளக்கைத் தள்ளி வைத்தேன். படத்தை வேறு சுவருக்கு மாற்றினேன். அதே சரத்தில் பாதியைச் சாமி படத்துக்குப் போட்டால் அது வாடவில்லை. கண்ணாடியைத் தொட்டேன். காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுட்டது. துக்கம் கேட்க வந்த வைத்தியரும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "தம்பி இன்னும் வரலியா?" என்றார்.

கருமாதியன்று தம்பியை நானே வரவழைத்தேன். மனைவியோடு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அக்கா கூப்பிடாமல் எப்படி வருவது என்று அழுதான்.

"அக்காதான்டா கூப்புடுது. வா" என்றேன்.

அவன் உள்ளே வந்து மல்லிகைச் சரத்தைப் போட்டான். மதியம் தாண்டியும் அது வெள்ளையாகவே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். அக்கா குளிர்ந்துவிட்டார் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். நான் கண்ணாடியைத் தொட்டேன். வெறும் கண்ணாடிதான். உடைந்து அழுதேன். அக்கா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அதுவரை அக்கா வீட்டில்தான் இருந்தார்.

அவரைத் தூக்கி வந்த மார்க்கெட் மக்களுக்கும், அன்றாடம் சரம் கட்டிக் கொடுத்த மங்கையம்மாவுக்கும், வைத்தியருக்கும், துக்கத்தில் உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படத்துக்குப் பூப் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போகும்முன் கண்ணாடியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சுட்டால் என்னிடம் சொல்லுங்கள். நான் பயப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கை