ஜாயின்ட் போடும் நேரத்து டீ

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓயாமல் ஓடும். அதன் பக்கத்தில் நிற்கும் ஹெல்பர் மட்டும் வேலைக்குச் சேர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எழுபதுகளில் நெய்வேலியில் நான் அப்படி நின்றவன். "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்ற கேள்வியைக் கேட்டு வயிறெரிந்த சக பாவிகளே, இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

சூடா ஒரு டீ

பெல்ட் அறுந்தால் இரண்டு முனைகளையும் அடுக்கடுக்காக உரித்து, சொல்யூஷன் தடவி, சூடேற்றி ஒட்டுவார்கள். அதற்கு ஜாயின்ட் என்று பெயர். அதைக் கற்றுக்கொண்டு மெக்கானிக் ஆகிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. எங்கள் ஃபோர்மேன் கோவிந்தசாமி, உரிக்கும்வரை என்னைப் பக்கத்தில் விடுவார். சொல்யூஷன் டப்பாவைத் திறந்ததும் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். நான் தூக்குவாளியோடு கேன்டீனுக்கு ஓடித் திரும்புவதற்குள் ஒட்டி முடித்து, மேலே சூடேற்றும் தகட்டைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் இதே கதை!

ஒரு நாள் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோனேன். அவர் டப்பாவைத் திறந்தார். நான் ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஆறிப்போச்சுய்யா. கேன்டீன்ல சூடா வாங்கினு வா."

மரத்தடிப் படிப்பு

சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் பெல்ட் பற்றிய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். வடலூரிலிருந்து பஸ்ஸில் வரும் தனபாலும் என்னைப் போல ஹெல்பர்தான். முதலில் கிண்டல் செய்தான். பிறகு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "பெர்மனென்ட் ஆயிட்ட இல்ல, அப்புறம் இன்னாத்துக்குப் படிச்சிக்கினு கீற? நீ ஒருத்தன் கத்துக்கினா, நாளைக்கு எங்க எல்லாரையும் கத்துக்கச் சொல்லுவாங்கய்யா!"

யார் போட்ட ஜாயின்ட்?

மழைக்காலத்தில் ஃபோர்மேன் லீவில் இருந்தபோது பெல்ட் அறுந்தது. துணிந்து நானே ஜாயின்ட் போட்டேன். ஷிஃப்ட் முடிவதற்குள் பிய்ந்துகொண்டது. செக்ஷனே கைகொட்டிச் சிரித்தது. யோசித்துப் பார்த்தபோதுதான், பெல்ட்டில் இருந்த மழை ஈரம் காய்வதற்குள் ஒட்டிவிட்டேன் என்று புரிந்தது. அதன்பின் கழித்துப் போட்ட பெல்ட் துண்டுகளை ஒட்டுவதும் பிய்ப்பதும் மறுபடி ஒட்டுவதுமாகப் பழகினேன்.

ஃபோர்மேனின் அடுத்த லீவில் நான் போட்ட ஜாயின்ட் அசையாமல் நின்றது. அவர் திரும்பி வந்ததும் அந்த ஜாயின்ட்டுக்காக இன்ஜினியர் அவரைப் பாராட்டினார். அவரும் கூசாமல் தலையாட்டி வாங்கிக்கொண்டார். "சார், நான் போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று ஃபோர்மேனிடம் பொங்கினேன். அவர் பதில்: "பிஞ்சா உன் ஜாயின்ட்டு. நின்னா செக்ஷன் ஜாயின்ட்டு."

இன்டர்வியூ

மெக்கானிக் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னேன். அதிகாரி முகமெல்லாம் மலர்ந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் கனிவாகச் சொன்னார்: "நல்ல ஹெல்பருன்னு உன் ஃபோர்மேனே சொல்றாரு. உன்னை மேல அனுப்பிட்டா, அங்க ஹெல்பர் வேலைய யாருப்பா பாக்கிறது?"

அடுத்த இன்டர்வியூவில் ஒருவழியாக நான் மெக்கானிக் ஆனேன்; அன்று முதல் ஓய்வு பெறும்வரை, என் ஜாயின்ட் ஒட்டி முடியும்வரை ஹெல்பர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்று, அங்கே யாருக்கும் டீ கிடையாது.