உப்பு மணலுக்கும் தோட்டத்து மண்ணுக்கும் ஒரு மெஷின்

பலேர்மோவில் ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்குள் இருப்பவரை ஊரே ஒரு மாதிரிப் பார்க்கும். எல்லோரும் சட்டி பானையோடு வெளிக்கிட்டுவிடுவார்கள். எங்கள் தமிழ்க் கோயில் பங்குச் சனமும் அப்படித்தான். அந்த வருடம் காலையில் மொந்தெல்லோக் கடற்கரை, மத்தியானம் சியாகுல்லியில் ஒரு மண்டரின் ஆரஞ்சுத் தோட்டம் என்று திட்டம். தோட்டத்தில் பழம் பறிக்கிற எங்கள் ஆள் ஒருவர் முதலாளியிடம் கேட்டு இடம் எடுத்திருந்தார். கடலில் கால் நனைக்கப் போன நான் இடுப்புவரை நனைந்தேன். சேலையை மாற்றிச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய் ஆட்டிறைச்சிச் சட்டி தூக்கினேன், சின்னப் பிள்ளை மாதிரிக் கிளித்தட்டு ஓடினேன். பொழுதுபட போர்கோ வெக்கியோவில் என் அறைக்கு வந்து கழுத்தில் கை வைத்தால் தாலிக்கொடி இல்லை.

வேறு நேரமென்றால் அழுது முடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அந்த மே மாதக் கடைசியில் என் மனுசன் வருவதாக இருந்தார். கலியாணம் முடித்துச் சில மாதங்களில் பிரிந்தவர்கள் நாங்கள். அவர் ஊரில், நான் இங்கே ஓர் இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் சமையலும் துப்புரவும். நான்கு வருடம். என் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைக் காட்டி, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் கால் கடுக்க நின்று, அவரைக் கூப்பிட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த மனுசன் பீடத்துக்கு முன்னால் தன் கையால் பூட்டிவிட்ட கொடி அது. விமான நிலையத்தில் வெறுங்கழுத்தோடு அவர் முன் நிற்க என்னால் ஏலாது.

மேல்மாடியில் ஓர் அக்கா இருந்தார். எங்கள் ஊர்த் தீவுப்பகுதிக்காரி, பக்திமான், வாய்க்காரி.

"அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து. காணாமல் போன சாமானெல்லாம் அவர் எடுத்துத் தருவார்" என்றார்.

கொளுத்தினேன். ஆனால் அந்தோனியாரை மட்டும் வேலைக்கு விட்டுவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு மொந்தெல்லோவில் மணலைக் கிளறித் தேடிக்கொண்டிருந்தபோது, காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு கிழவர் நீளக் கம்பின் நுனியில் தட்டு மாதிரி ஒன்றைப் பூட்டி, கரையோரம் அசைத்து அசைத்து நடந்தார். இடைக்கிடை குனிந்து எதையோ தோண்டிப் பைக்குள் போட்டார். நேரே போய்க் கேட்டேன். வெட்கப்பட்டால் அந்நிய ஊரில் பிழைக்க ஏலாது. மெட்டல் டிடெக்டர் என்றார். ஒரேத்தோப் பக்கம் அன்டெனாவும் ரேடியோவும் விற்கிற கடையொன்றில் கிடைக்கும் என்றும் சொன்னார்.

"அடி பாவி, அது ஆமிக்காரன் கண்ணிவெடி தேடக் கொண்டு திரியிற சாமானெல்லே! உனக்கென்னத்துக்கு?" என்று, வீட்டுக்கு வந்து நான் விசயத்தைச் சொன்னதும் அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

"ஆமிக்காரனுக்கு வெடி, எனக்குக் கொடி. நீங்களும் வாங்கோ அக்கா. உங்களாலை ஒரு வேலை ஆகவேணும்."

என்ன வேலை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

கடைக்காரர் மூன்று மெஷின்களை மேசையில் வைத்தார். பெண்பிள்ளை, அதிலும் வீட்டு வேலை செய்கிறவள் என்று கண்டதும் மலிவான, பிள்ளைகள் விளையாடுகிற மாதிரியான ஒன்றை என் பக்கம் தள்ளினார். ஒரு லீராக் காசை அதற்கு முன்னால் ஆட்டினார். அது கீச்சிட்டது. "பாருங்கள் சின்யோரா, எவ்வளவு அருமை!" என்றார்.

நான் என் பைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தேன். காலையில் மொந்தெல்லோவில் அலையடிக்கிற இடத்தில் அள்ளிய ஈர மணல். கறிக்கு உப்புப் பார்க்காமல் நான் இறக்குவதில்லை, மெஷினை மட்டும் பார்க்காமல் வாங்குவேனா? மலிவு மெஷினை அந்த மணலுக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். மணலுக்குள் ஒன்றுமே இல்லை, ஆனாலும் அது கிடந்து கத்தியது. உப்பு ஈரம் அதற்குப் பிடிக்காதாம். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

இரண்டாவது கடலுக்கென்றே செய்தது. உப்பு மணலில் மூச்சுக் காட்டவில்லை. ஆனால் இரும்பு எது, தங்கம் எது என்று அதற்குத் தெரியாது. ஆணிக்கும் அதே சத்தம், காசுக்கும் அதே சத்தம். தோட்டமென்றால் ஆணியும் கம்பியும் நிறையக் கிடக்கும், அங்கே இதைக் கொண்டுபோனால் நான் கிணறு வெட்டி முடிப்பேன்.

மூன்றாவதில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்றைத் திருப்பினால் உப்பு மணலோ செம்மண்ணோ, அந்தந்த மண்ணுக்கு மெஷின் பழகிக்கொள்ளும். மற்றதைத் திருப்பினால் இரும்புக்கு அது வாய் திறக்காது. ஆணியை வைத்தார், சத்தமில்லை. காசை வைத்தார், மணி மாதிரி ஒலித்தது. எனக்கு அந்த இரண்டாவது குமிழில் அப்படியொரு ஆசை விழுந்துவிட்டது.

"காசு வேண்டாம், தங்கத்தில் காட்டுங்கள்" என்றேன். அவரிடம் தங்கம் இல்லை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கழட்ட மாட்டன்! செத்தாலும் கழட்ட மாட்டன்!"

"ஆர் உங்களைக் கழட்டச் சொன்னது? உப்பிடியே குனியுங்கோ."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே மேசைக்கு மேலே குனிந்தார். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு மினுக்குகிற கொடி அது, பளபளவென்று தொங்கியது. கடைக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். மெஷின் தெளிவாக, இழுத்து, அழகாகப் பாடியது. அந்த இடத்திலேயே வாங்கினேன். எனக்குத் தெரிந்த எங்கள் சனத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த முதல் பெண் நான்தான். இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய அதுதான் வேலை. மொந்தெல்லோவில் நாங்கள் இருந்த இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்துத் தேடினேன். சியாகுல்லியில் மரம் மரமாகத் தேடினேன். இரும்புக் குமிழை முழுக்கத் திருப்பி வைத்திருந்ததால் ஆணித் தொல்லை இல்லை. பழைய காசு, கரண்டி, யாரோ ஒரு பிள்ளையின் வெள்ளிக் காதுப்பூ, சோடாத் தகர வளையங்கள் என்று பை நிறைந்தது. கொடி மட்டும் வரவில்லை. சில மரங்களுக்குக் கீழே மெஷின் தொண்டை கட்டினது மாதிரி ஒரு அரைச் சத்தம் போட்டு நிறுத்திக்கொள்ளும். மண்ணுக்குள் துருப்பிடித்த இரும்பு கிடந்தால் சிலவேளை அப்படி விக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் தாண்டிப் போனேன்.

மே பாதி முடிந்தது. "ஆராவது எடுத்து வித்திருப்பாங்கள், விடு. அவர் வந்து புதுசு செய்து தருவார்" என்றார் அக்கா.

"எனக்குப் புதுசு வேண்டாம். எனக்கு அந்தக் கொடிதான் வேணும்" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். அன்றிரவு முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

அடுத்த ஞாயிறு கோயிலில் பிள்ளைகளுக்கு முதல் நன்மைப் பூசை. கழுத்தை மூடிச் சேலை உடுக்கவேண்டும் என்று நல்ல பட்டொன்றை எடுத்தேன். கொசுவத்தை மடித்து இடக்கையில் பிடித்துக்கொண்டேன். வலக்கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போய்த் தடவியது. எதைத் தேடுகிறது இந்தக் கை?

சேப்டி பின்.

என் கொடியில் எப்போதும் நாலைந்து சேப்டி பின் தொங்கும். அக்கா அதைக் கண்டாலே, "பவுணிலை போய் இரும்பைக் கொழுவுறியே, மூதேவி!" என்று திட்டுவார். ஆனால் ஊரில் அதில் பாதி என் மனுசனுக்குத்தான் செலவாகும். செருப்பு வார் அறும், சட்டைப் பொத்தான் தெறிக்கும், உடனே என் கழுத்தடிக்குக் கை நீளும். அப்படிப்பட்ட கொடியைத் தேடுவதற்கு நான் அக்காவின் மினுக்கின கொடியை வைத்துப் பரீட்சை பார்த்து, இரும்பைக் கண்டால் வாயை மூடு என்று மெஷினுக்குக் கட்டளையும் போட்டிருக்கிறேன்! கொசுவத்தை விட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். அக்கா மாடியிலிருந்து என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடி வந்தார்.

பூசை முடிந்ததும் பட்டுச்சேலையோடே சியாகுல்லிக்குப் போனோம். இரும்புக் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன். மெஷின் பேய் பிடித்த மாதிரிக் கத்தியது. கத்தட்டும். அரைச் சத்தம் போட்ட மரங்களை எனக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றாகப் போனேன். முதல் மரத்தில் ஆணி. அடுத்ததில் கம்பித் துண்டு. மூன்றாவது, நாங்கள் ஆட்டிறைச்சிச் சட்டியை இறக்கி வைத்த மரம். அதன் பாத்திக்கு இடையில் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள், சேறு காய்ந்து மூடிக் கிடந்தது. கரண்டியால் கிளறினேன். முதலில் துருப்பிடித்த ஒரு பின்தான் வந்தது. அதை இழுக்க, பின்னாலேயே கொடி வந்தது, சிலுவையும் புறாவும் பொறித்த தாலியோடு. அக்கா மண்ணில் முழங்காலில் விழுந்து அந்தோனியாருக்கு நன்றி சொன்னார். நானும் சொன்னேன். கொடியைப் பூட்டுகிற கொண்டி தேய்ந்து விரிந்திருந்தது, வேறு சேதமில்லை.

கொண்டியைத் திருத்திக் கழுவித் தரும்போது அக்கா, "இனியாவது உந்தத் துருப்பிடிச்ச பின்னுகளை எறி" என்றார்.

"எறியமாட்டன்."

விமான நிலையத்தில் என் மனுசன் கடைசி ஆளாக வந்தார். மெலிந்து, காதோரம் நரைத்து, தோளில் ஒரு பையோடு. நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். நான்கு வருடமாகச் சேர்த்து வைத்த கதை முழுவதும் எங்கேயோ போய்விட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடக்கையால் காற்சட்டையின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கையை என் கழுத்தடிக்கு நீட்டினார்.

"செக்கிங்கிலை பெல்ட்டைக் கழட்டச் சொல்லிப்போட்டுத் திருப்பித் தரேல்லை. காற்சட்டை நிக்குதில்லை. ஒரு பின் தாரும்."

கொடியை வெளியே எடுத்துக் கொடுத்தேன். அந்தத் துருப்பிடித்த பின் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் குனிந்து, என் நெஞ்சுக்கு நேரே தலையை வைத்துக்கொண்டு, அதோடு மல்லுக்கட்டினார். அது திறக்கும்வரை நான் அவருடைய நரைத்த தலையில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன்.