நாலு விரல் கத்தி

இரும்புக்கடையில் அவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். ஆணி வாங்க வந்தவரிடம்கூட எந்தச் சுவர், என்ன மாட்டப்போகிறீர்கள், அது எத்தனை கனம் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். “நிதானத்துகிட்ட மாட்டினா ஒரு ஆணி வாங்க ஒரு ஜென்மம் ஆகும்” என்று கூட வேலை செய்தவர்கள் அவர் காதுபடவே சொல்வார்கள். முதலாளி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். நிதானம் விற்ற சரக்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

முப்பத்தோரு வருஷம் அந்தக் கடையின் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்றவர். பூட்டு, கீல், ரம்பம், சாணைக்கல் எல்லாமே அவர் பொறுப்புதான் என்றாலும், மனுஷனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பேனாக்கத்தி. பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் கத்தி வாங்க வருகிறவர்கள் வேறு யாரிடமும் போகமாட்டார்கள். வந்தவுடன் பிள்ளையின் கண் நேராகக் கறுப்புப் பிடியும் ரம்பப் பல்லும் மண்டையோட்டுப் படமும் உள்ள கத்தியின் மேல் போய் உட்காரும். பெற்றவர்கள் முகம் வெளுக்கும். நடுவில் இவர் புகுந்துகொள்வார்.

“இதை வச்சு என்ன வெட்டப்போற தம்பி?”

“கயிறு, அட்டைப்பெட்டி… சும்மா எல்லாம்தான்.”

“கயிறு உன்னைப் பாத்து நடுங்கணுமா, அறுந்தா போதுமா?”

பிள்ளை சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு நாலு விரலைச் சேர்த்து வைக்கச் சொல்லி அளப்பார். கத்தியின் அலகு நீளத்தில் அந்த நாலு விரல் அகலத்தைத் தாண்டக்கூடாது. பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கிற ரகம் ஆகவே ஆகாது. இரண்டு கையும் சேர்ந்தால்தான் திறக்கவேண்டும், திறந்தபின் விரல்மேல் மடங்காமல் பூட்டிக்கொள்ளவேண்டும். முனை வட்டமாக இருந்தால் உத்தமம். பிடி மஞ்சளோ சிவப்போ. “பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா பாத்தா, பழம் நறுக்கப் போறான்னு நினைக்கணும். போலீஸைக் கூப்பிடலாமான்னு யோசிக்கக் கூடாது” என்பார். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகமாட்டேன் என்று பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைப்பார்.

கடைசியாக ஒரு துண்டுக் காகிதத்தை இடக்கையில் தொங்கவிட்டு, கத்தியை மேலிருந்து கீழே இறக்குவார். காகிதம் சத்தமில்லாமல் இரண்டாகும். “கத்தி இப்படித்தான் இருக்கணும். மொக்கையா இருந்தா அழுத்தத் தோணும். அழுத்தினா வழுக்கும். வழுக்கினா அது எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. கூர் போச்சுன்னா அன்னைக்கே எங்கிட்ட எடுத்துட்டு வா, சாணை பிடிச்சுத் தரேன்.”

இதை எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பாரோ. சொந்த மகள் விஷயத்தில்தான் மனுஷன் கோட்டைவிட்டார்.

மகளுக்கு அப்போது பதினாலு வயது. அட்டையில் வீடு கட்டுவாள். செருப்பு டப்பாவும் மருந்து டப்பாவும் அவள் கைக்குப் போனால் படிக்கட்டாகும், மாடமாகும், திறந்து மூடுகிற ஜன்னலாகும். சுவரும் சுவரும் சேருகிற மூலையில் மயிரிழை இடைவெளி இருக்காது. இத்தனையையும் சவர பிளேடைப் பாதியாக உடைத்து, ஒரு பக்கம் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு செய்துகொண்டிருந்தாள். பெரியவளானதும் கட்டட வடிவமைப்புதான் படிப்பேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அப்பாவிடம் கேட்டதெல்லாம் ஒரு நல்ல கத்தி.

அம்மா ஒரே பிடியாக மறுத்தாள். “ஊரான் பிள்ளைக்கெல்லாம் கத்தி வித்தீங்க, சரி. நம்ம வீட்டுக்குள்ள வேண்டாம்.” இவர் விடவில்லை. மூன்று நாள் மல்லுக்கு நின்றார். பிளேடைவிடக் கத்தி எப்படிப் பத்திரம் என்று கடையில் பேசுகிறதையெல்லாம் சமையலறையிலும் பேசினார். கடைசியில் அவள், “என்னமோ பண்ணுங்க. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்” என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டாள்.

ஜெயித்தவுடனே அவருக்குப் பயம் வந்துவிட்டது. மஞ்சள் பிடி, வட்ட முனை, மகளின் நாலு விரலுக்கு அளந்து செய்தது போன்ற அலகு. அலமாரியிலேயே நல்ல கத்தியாகப் பார்த்துத்தான் எடுத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கொடுப்பதற்கு முன்னால் காகிதத்தில் இறக்கிப் பார்த்தார். காகிதம் இரண்டானது. அந்தக் காகிதத்தின் இடத்தில் மகளின் விரல்தான் அவருக்குத் தெரிந்தது. பின்வாசலுக்குப் போய், சிமெண்டுப் படியின் விளிம்பில் கத்தியின் வாயைக் குறுக்காக ஏழெட்டு முறை தேய்த்தார். ஒரு மாசம் பழகட்டும், பிறகு நாமே சாணை பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவரைப்போலத் தொழில் தெரிந்தவர் அந்தக் காரியத்தைச் செய்யலாமா? செய்தார். பாசம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டார். பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கப் பயம் என்பதுதான் பாதி உண்மை.

ஒரு வாரத்தில் மகள் வந்து கேட்டாள். “அப்பா, இது சரியாவே வெட்ட மாட்டேங்குது.”

“புதுசுல்ல. பழகப் பழகச் சரியாயிடும். அழுத்தாம, நிதானமா வெட்டு.”

அவளும் நம்பினாள். ஊரே நம்புகிறவரை மகள் நம்பாமல் என்ன செய்வாள்?

மூன்றாம் வாரம் தடித்த அட்டை ஒன்று கிடைத்தது. இரும்பு ஸ்கேலை இடக்கையால் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்று உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். கத்தி ஸ்கேல் மேல் ஏறி, ஆள்காட்டி விரலின் முதுகில் எலும்புவரை இறங்கியது. விரலை நீட்டுகிற தசைநாண் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். தைத்தார்கள், கட்டினார்கள், இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். விரல் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் அழுதது வலிக்காக இல்லை. “சாரிப்பா. அழுத்தாதேன்னு சொன்னீங்க. நான்தான் கேக்கலை.”

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மனைவி நின்றாள். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். “பரவாயில்லைம்மா” என்றார். தான் செய்த தப்புக்கு மகளை மன்னித்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

அதோடு நின்றிருந்தாலாவது பின்னாளில் ஏதோ சொல்லித் தப்பித்திருக்கலாம். மறுநாள் காலை, யாராவது கத்தியைத் தொட்டுப்பார்த்துக் கேள்வி கேட்பதற்குள், அதைக் கடைக்கு எடுத்துப்போனார். சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, வாழ்நாளில் எந்தக் கத்திக்கும் ஏற்றாத கூர்மையை அதற்கு ஏற்றினார். வீட்டுக்குக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே போட்டுவிட்டார்.

கட்டுப் பிரித்த வாரம் மகள் அதை எடுத்துக் காகிதத்தில் இறக்கினாள். சத்தமே இல்லாமல் காகிதம் இரண்டானது. அந்த இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்தாள். “கத்தி நல்லாத்தான் இருக்குப்பா. நீங்க சொன்ன மாதிரி பழகிடுச்சு போல. என் கைதான் லாயக்கில்லை.” மடக்கி அவரிடமே கொடுத்துவிட்டாள். அட்டைகளையும் அந்த வாரமே தெருவில் போட்டாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு வருஷங்கள் ஓடின. மகள் வேறு ஏதோ படித்தாள். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் தொலைபேசியில் பேசுகிற வேலை. கல்யாணம், குழந்தை, எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தன. வீட்டில் காய் நறுக்குவது அவள் புருஷன். விருந்தாளிகள் வந்தால் அவளே சொல்லிச் சிரிப்பாள். “எங்கிட்ட கத்தியைக் குடுத்தா ஆம்புலன்ஸுக்கும் சேத்து போன் பண்ணிடுங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்துபோவார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார், சிரித்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்று மென்று முழுங்குவார். அவர் நிதானம் அதற்குத்தான் உதவியது.

கடையைவிட்டு நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் மகளும் பேத்தியும் வந்தார்கள். பேத்திக்குப் பதின்மூன்று. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு சோப்புக் கட்டியை ஸ்பூன் காம்பால் சுரண்டி மீன் செய்துகொண்டிருந்தாள். செதிலும் வாலும் அச்சாக வந்திருந்தன.

“தாத்தா, எனக்கு ஒரு பேனாக்கத்தி வேணும். நீங்கதான் பாத்து வாங்கித் தரணும். நீங்க அதுல எக்ஸ்பர்ட்டாமே?”

மகள் குறுக்கே விழுந்தாள். “கத்தியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். உனக்கும் என் கைதான் வந்திருக்கும். தாத்தா பாத்துப் பாத்து வாங்கித் தந்த கத்தியிலேயே நான் விரலை அறுத்துக்கிட்டேன். சிலபேருக்குக் கை ஓடாது குட்டி. அதை ஒத்துக்கிட்டுப் போயிடணும்.”

பேத்தி மீனைக் கீழே வைத்தாள். தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் என்ன கோளாறு என்று தேடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. இதற்குமேல் மென்று முழுங்க அவரால் முடியவில்லை.

“குட்டி, கொஞ்சம் வாசல்ல போய் விளையாடு.”

பேத்தி போனதும் சொன்னார். சுற்றிவளைக்கவில்லை. சிமெண்டுப் படி, ஏழெட்டு முறை, அம்மாவுக்குப் பயந்தது, ஆஸ்பத்திரி, மறுநாள் சாணை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். “உன் கையில ஒரு குறையும் இல்லைம்மா. அந்தக் கத்தியில யார் வெட்டியிருந்தாலும் வழுக்கியிருக்கும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் மேசையின் மேல் சிதறியிருந்த சோப்புத் தூளை விரலால் கூட்டிச் சேர்த்துக்கொண்டே இருந்தாள்.

“எனக்குக் கட்டடப் படிப்புல இடம் கிடைச்சுது, தெரியுமாப்பா?”

அவருக்குத் தெரியாது.

“பரீட்சை எழுதி, லெட்டர் வந்துது. முதல் வருஷம் பூரா கையால மாடல் செய்யணும்னு போட்டிருந்தான். ரெண்டு நாள் கையிலயே வச்சிருந்தேன். அப்புறம் நானே கிழிச்சுப் போட்டுட்டேன். உங்ககிட்ட சொன்னா, போம்மான்னு சொல்வீங்க, செலவழிச்சுப் படிக்க வைப்பீங்க, என் கையால முடியாம போயி உங்க மானம் போகும்னு நினைச்சேன்.”

“சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்களும்தான்.”

அவள் குரலில் சூடு ஏறவே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கையிலேயே வைத்திருந்த ஒரு மன்னிப்பைக் கேட்க இப்போது வாயைத் திறந்தார். அதைக் கேட்கிற அளவுக்குக்கூட அவள் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“குட்டி, செருப்பைப் போடு. கடைக்குப் போறோம். உனக்குக் கத்தி வாங்கணும்.”

அவர் சட்டையை எடுக்க எழுந்தார். எத்தனை நூறு பிள்ளைகளுக்குப் பார்த்துக் கொடுத்த கை. எது நல்லது, எது ஆகாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

“நீங்க இருங்கப்பா” என்றாள் மகள். “நானே பாத்து வாங்கிக்கறேன்.”