செம்போத்து வந்த மூலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து அம்மா சொல்லித் தந்தது. பிழை வரும் என்ற பயம் ஒருபக்கம், முருகன் காரியத்தைப் பெருமையாகப் பேசலாமா என்ற கூச்சம் மறுபக்கம். இனியும் எழுதாவிட்டால் கதையே வேறாகிவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மலையாள நாட்டில், கரமனையில், பெரிய சாலையை ஒட்டி எங்களுக்கு ஆறு சென்ட் இடமும் வீடும். நாஞ்சில்நாட்டிலிருந்து வந்த குடும்பம். நவராத்திரிக்கு வேளிமலை முருகன் அங்கிருந்து எழுந்தருளி, எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஆரியசாலைக் கோவிலுக்குப் போவார். சொந்த ஊர்ச் சாமி வீடு தேடி வருகிற மாதிரி அது. விளக்கு வைத்து, படி கழுவி, கோலம் போட்டுக் காத்திருப்போம்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் அம்மாவின் கண் தோட்டத்து மூலையில் விழுந்தது. கோவைக்கொடியும் காட்டுமுல்லையும் பின்னிக்கிடந்த புதர், சாலையிலிருந்து பார்த்தால் தெரியும். "சாமி வார வழியில இந்தக் காடா கெடக்கணும்?" என்றாள். அப்பா ஒரே நாளில் வெட்டி, கிணற்றுக்குப் பின்னால் குவித்தார். மூலை மொட்டையாகி, பளிச்சென்று ஆனது. சாமியும் வந்து போனார்.

கார்த்திகை பிறந்ததும் அம்மா நேர்ச்சை தொடங்கினாள். எனக்கு இழுப்பு. மழை வந்தால் மூச்சு வாங்கும். அது குறைய வேண்டி நாற்பத்தொரு நாள் பக்கத்துக் கோவில் முருகனுக்கு மாலை. எல்லாம் வீட்டுச் செடியில் பூத்த பூவாக இருக்க வேண்டும். ஒருநாள் முடங்கினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாம் நாள் நத்தை வந்தது. உள்ளங்கை அகலத்தில், மதில்மேல், துளசியில், செம்பருத்தி மொட்டில். கனகாம்பரத்தில் காம்புதான் மிஞ்சியது. வாளி நிறையப் பொறுக்கி மூடி வைத்தால், காலையில் மூடியைத் தள்ளிவிட்டு ஏறிப் போயிருக்கும். பதினோராம் நாள் மாலையில் நாலே நாலு பூ.

ஆரியசாலையில் மளிகைக் கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பொட்டலம் கல்லுப்போடு வந்தார்.

"தூவுக்கா. ஒரு ராத்திரியில எல்லாம் தீரும்."

"விரதத்துல உயிரைக் கொல்லச் சொல்லுதியா?"

"அப்பம் சாலைக் கம்போளத்துப் பூக்கடையில ரெண்டு முழம் வாங்கு. முருகனுக்கா தெரியப் போவுது?"

"முருகனுக்குத் தெரியாட்டா போட்டும். எனக்குத் தெரியும்லா."

மாமா உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதிமூன்றாம் நாள் காலை கிணற்றடிக்குப் போனேன். வெட்டிப்போட்ட குவியல் அங்கேயே கிடந்தது. மழையில் கொடி வேர்பிடித்து அதன்மேலேயே தளிர்த்திருந்தது. பக்கத்தில் உடைந்த நத்தை ஓடுகள். 'ஊப், ஊப்' என்ற சத்தம் கேட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சிவந்த கண், செம்மண் நிறச் சிறகு. ஒரு செம்போத்து குவியலுக்குள்ளிருந்து சுகாதார அதிகாரி மாதிரி நடந்து வந்து, ஒரு நத்தையைக் கொத்தி இழுத்துக்கொண்டு உள்ளே போனது.

நவராத்திரிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் மூலைப் புதரடியில்தான் ஓடுகள் கிடக்கும்.

ஓடுகளைப் பாவாடையில் அள்ளிச் செருகிக்கொண்டு சொல்ல ஓடினால், எதிரே மாமா மண்ணெண்ணெய்க் குப்பியோடு வருகிறார். "நத்தையெல்லாம் இந்தக் குப்பைக்குள்ளதான் கெடக்கு. ஒரு தீக்குச்சி செலவாக்க அத்தானுக்கு மனசில்ல. நான் கொளுத்துதேன்." அவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. நத்தையும் அங்கேதான் இருந்தது, தின்பதும் அங்கேதான் இருந்தது.

நான் குவியலுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். பேச வரவில்லை, மூச்சு வாங்கியது. பாவாடையில் அள்ளிய ஓடுகளைக் கீழே கொட்டினேன். சத்தம் கேட்டு வந்த அம்மா ஓடுகளைப் பார்த்தாள், மொட்டை மூலையைப் பார்த்தாள்.

"கொளுத்தாண்டாம். பூவுக்குக் காவலா இருந்தவன நாமதான் வெரட்டிருக்கோம்."

"அப்பம் இந்தக் குட்டி போலீஸா?" என்று மாமா சிரித்தார். ஆனால் குப்பியைத் திரும்ப எடுத்துப் போனார்.

அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. குவியல் புதரானது. ஈர இலைக்கு மண்புழு வந்தது, பூச்சிக்குத் தவளையும் அரணையும் வந்தன, நத்தைக்குச் செம்போத்து ஜோடியாக வந்தது. ஒரு தெருவில் குடியேறுகிற மாதிரி, ஒன்றை நம்பி ஒன்று. நத்தை அடியோடு ஒழியவில்லை, செடி தாங்குகிற அளவுக்குக் குறைந்தது. சில நாள் ஏழு பூதான் கிடைத்தது, ஆனால் ஒருநாளும் முடங்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் மாலை என் முழங்கை நீளம் இருந்தது. அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று கரமனையே என்னைப் பார்த்ததாக நினைப்பு.

இழுப்பு உடனே நின்றது என்று பொய் சொல்லமாட்டேன். வருஷா வருஷம் குறைந்து, போனது.

தோட்டத்தைக் காப்பாற்றியவள் நான் என்று வெகுகாலம் மார்தட்டினேன். குவியலை அப்பா ஏன் ஒன்றரை மாதம் கொளுத்தாமல் போட்டிருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. சோம்பல் என்று அம்மா ஏசுவாள், மாமா கேலி செய்வார், அப்பா பேசாமல் இருப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், இருமுகிற என் மகனைத் தூக்கிக்கொண்டு, சருகு கொளுத்தப்போன என் வீட்டுக்காரரைத் தடுத்த அன்றுதான் பொறி தட்டியது. அப்பாவிடம் கேட்டேன்.

"பொக அடிச்சா ஒனக்கு இழுக்கும்லா, மக்களே" என்றார். அவ்வளவுதான்.

இதைப் படித்தவர்கள் இன்னும் நாலு வீட்டில் சொல்லுங்கள், புண்ணியம். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் இப்போதே அந்தப் பறவை மயிலாகிவிட்டது, பூ ஆயிரமாகிவிட்டது, அப்பாவைக் காணோம். வந்தது செம்போத்துதான். பூ ஏழுதான். கொளுத்தாமல் விட்டவர் என் அப்பா. முருகன் காரியத்துக்கு இதுவே போதும்.